இருக்கட்டும்

பட்டறையில் பதினொரு சுத்தியல்.
எனக்குக் கை இரண்டு,
அதிலும் ஒன்றுக்கு மூட்டுவலி.

ஹாப்சலுவில் கடல் உறைந்த வாரம்
ஹெல்டுரின் படகு மோட்டாரைப் பிரிக்கப்
பதின்மூன்று எம்எம் ஸ்பேனர் தேடினேன்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் ஊர்.
இருட்டியும் தேடினேன்.
கடைசியில் கடைக்குப் போய் வாங்கிவந்து
மாட்டிவைக்க ஆணியைத் துழாவினால்
அங்கே தொங்குகிறது ஒரு பதின்மூன்று,
அதன் பின்னால் இன்னொன்று.

லெம்பி எதுவும் சொல்லவில்லை.
எனக்குக் கொண்டுவந்த தேநீரை
வைக்க இடமில்லாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் ஒரே சொல்லால் வந்த வினை.
உடைந்த குடையின் கம்பியா, இருக்கட்டும்.
கதவு போய்ச்சேர்ந்த பூட்டா, இருக்கட்டும்.
சோவியத் காலத்து வானொலி ஒன்றின்
பின்மூடி மட்டும்,
காய்ந்த பெயின்ட் டப்பா, அதைத் திறக்க ஒரு தகடு,
இருக்கட்டும், இருக்கட்டும்,
என்றைக்காவது உதவும்.
என்றைக்காவது எந்தக் கிழமையில் வருகிறது
என்று காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள் லெம்பி.

ஜனவரி முதல் தேதி
நீல டேப் ஆறு சுருள் வாங்கினோம்.
பொருளுக்கு ஒரு துண்டு.
எடுத்து வேலை செய்தால் கிழித்துவிடலாம்.
அடுத்த ஜனவரியில் நீலமாய் இருப்பது
வீட்டை விட்டுப் போகும்.
சமையலறையில் அவளும் ஒட்டினாள்,
விருந்தாளிகளுக்கென்று வாங்கிய
இருபத்துநான்கு தட்டுகளிலும்.
எங்கள் விருந்தாளி ஹெல்டுர் ஒருவன்தான்,
அவனும் நின்றுகொண்டே தின்பான்.

ஒப்புக்கொள்கிறேன், நான் ஏமாற்றினேன்.
ஏப்ரலில் ஒரு ராத்திரி
ஒரு வேலையும் இல்லாமல்
சின்ன ரம்பத்தை எடுத்து
ஒரு குச்சியை அறுத்து
டேப்பைக் கிழித்தேன்.
குச்சி இரண்டாயிற்று.
இரண்டையும் பத்திரமாக எடுத்துவைத்தேன்.

மறு ஜனவரி.
வெளியே கடல் வெள்ளை.
நீலம் முழுக்கப் பட்டறைக்குள்.

பனியில் மேஜை போட்டு
எடுத்துப்போகலாம் என்று அட்டை வைத்தோம்.
ஹெல்டுர்தான் முதலில் வந்தான்.
ஓர் இழைப்புளியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
‘எவ்வளவு?’
‘சும்மாதான்.’
‘சும்மாதான் தர வேண்டும்,’ என்றான்,
‘அடியில் என் பெயர் இருக்கிறது.’
பத்தொன்பது வருஷமாகத்
திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டுப்
புதிதாய் ஒன்று வாங்கிக்கொண்டானாம்.

அப்படி ஒன்பது பொருள்
என்னுடையதே இல்லை.

முதல் வாரம் உள்ளே போகவே பிடிக்கவில்லை.
தும்மினால் எதிரொலித்தது.
பெஞ்சில் ஒரு சூட்டுத் தழும்பு,
எந்த வருஷம் சுட்டது என்று தெரியவில்லை;
அதன் மேல் கையை வைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச்சில் பேரிங் கழற்றும் இழுவி வேண்டியிருந்தது.
கொடுத்துவிட்டேன்.
இரண்டு நாள் லெம்பியைத் திட்டினேன்,
டேப்பைத் திட்டினேன்,
மூன்றாம் நாள் அதை எடுத்துப்போன
பள்ளிக்கூடத்து கிர்ஸ்தியிடம் போய் இரவல் கேட்டேன்.
காப்பி கொடுத்தாள்.
மாலையே திருப்பிக் கொடுத்தேன்.
மறுபடியும் காப்பி கொடுத்தாள்.

ஜூனில் ஹெல்டுர் வந்தான்,
தாலினில் மகள் வீட்டோடு போகிறான்,
ஒற்றை அறை.
மரப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்திருந்தான்.
மேலாக இருந்தது அந்த இழைப்புளி.
‘எல்லாம் நல்ல இரும்பு.
என்றைக்காவது உதவும்.’

என் கை பாதி தூரம் போய்விட்டது.

‘இருக்கட்டும்,’ என்றேன்.

பெட்டியைக் கீழே வைப்பதா வேண்டாமா
என்று தெரியாமல் நின்றான் ஹெல்டுர்.
வாசற்படியில் கோப்பையோடு லெம்பி,
இது எந்த இருக்கட்டும் என்று
என் வாயையே பார்த்தபடி.