நேர்கோட்டில்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
வர்க்கி விற்கும் கடைக்கு மாடியில்
போஜன் டிராவல்ஸ்.
போஜன் வருவதில்லை, நான்தான் இருக்கிறேன்.
ஒரு கம்ப்யூட்டர், மை தீர்ந்த ஒரு பிரிண்டர்,
பனி ஏறினால் சாத்த வேண்டிய ஒரு ஜன்னல்.

சனிக்கிழமை, கூலி போட்ட பிறகு,
அல்பினா கெர்கெட்டா வந்தாள்.
டிக்கெட் வேண்டாம் என்றாள் முதலிலேயே,
ஈரச் செருப்பை வாசலில் விட்டு.
"இங்க இருந்து சிம்டேகா எவ்ளோ தூரம்?
பிளேன்ல போ, எவ்ளோ நேரம்?
பொண்ணு போன்ல கேளு. மூணாம் கிளாஸ்."
நான்கு வருடத் தமிழ்.
மேஸ்திரியிடம் கற்றது என்பதால்
வினைச்சொல் எல்லாம் ஏவலாகவே வரும்.

தட்டினேன்.
இரண்டு பெயருக்கு நடுவே
ஒரு சிவப்புக் கோடு கிளம்பியது,
மாயாற்றுப் பள்ளத்தைத் தாண்டி,
கோதாவரியைப் பேரில்லாத ஓரிடத்தில் கடந்து,
ஒரு சுங்கச்சாவடியிலும் நிற்காமல்.
ஆயிரத்து நானூற்று எண்பத்தைந்து கிலோமீட்டர்.
ஒரு மணி ஐம்பத்தொரு நிமிடம்.
கீழே பொடி எழுத்தில்:
காற்றின் வேகம் சேர்க்கப்படவில்லை.
பொடி எழுத்திலும் இல்லாதது:
இந்த ஊரிலும் விமானம் இறங்காது,
அந்த ஊரிலும் இறங்காது.

நிஜ வழியைச் சொல்லத் தொடங்கினேன், தொழில் பழக்கம்.
பஸ்ஸில் மேட்டுப்பாளையம், வளைவுக்கு எலுமிச்சம்பழம்,
கோவையில் ரயில், அதில் இரண்டு ராத்திரி,
ரூர்கேலாவில் இறங்கி ஜீப்...
"அது தெரி" என்று கையை ஆட்டினாள்.
"அம்பத்தொண்ணு எழுது."
பழைய ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
வேண்டாம் என்றும் ஐந்து ரூபாய் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குக் கடை அடைக்குமுன்
என் வீட்டையும் அண்ணன் வீட்டையும் தட்டிப் பார்த்தேன்.
ஒரே ரோடு, எழுநூறு மீட்டர்.
விமான நேரம் என்ற கட்டத்தில்
சின்னதாய் ஒரு கோடு மட்டும் வந்தது.
ஆறு வருடம் ஆகிறது.
அது இருக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள்.
"நான் போ" என்றாள்.
எங்கே என்று கேட்டேன்.
"சிம்டேகா. மண்டே போ, டியூஸ்டே போ."
பிறகு கையாலேயே விளக்கினாள்.
எட்டு மணிக்குக் கத்தரியோடு
முதல் வரிசையில் நுழைந்தால் கிளம்பியாயிற்று.
மூன்றாவது சில்வர் ஓக் வந்தால் மாயாறு.
வெள்ளைப் பாறையருகே, பை பாதி ஏறும்போது, கோதாவரி.
காட்டெருமை நின்றால் சுற்றிப் போக வேண்டும்,
அன்றைக்கு வழி கொஞ்சம் நீளம்.
ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு,
டீக்கு விசில் அடிக்குமுன், இறங்கிவிடுகிறாள்.
பதினான்கு கிலோ தூரம் அது.
புதன்கிழமை மழை. நனைந்த இலை கனம்,
பதினேழு கிலோ ஆகிவிட்டது,
ஏழு நிமிடம் லேட்.

"இறங்கினால்?"
"வீடு பூட்டு. முற்றத்துல கோழி.
பொண்ணு ஸ்கூல் போ."

கீழே வர்க்கி அடுப்பின் வாசம் ஏறி வந்தது.
நான் ஜன்னலைச் சாத்தினேன், பனியே இல்லாதபோது.

"சண்டே?" என்றேன் கொஞ்சம் கழித்து.
சண்டே ஸ்கூல் இல்லையே, குழந்தை வீட்டில்தானே இருக்கும்.

மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
"சண்டே இலை இல்லை.
பிளேன் இல்லை."