தேதிக்கு விட்ட இடம்

கீழைக்கடல் மரபுச் சங்கம்.
பதிவு எண் உண்டு, சொந்தக் கட்டடம் இல்லை.
மாதம் இரண்டாம் ஞாயிறு, மஃரிபு முடிந்ததும்
சீனி நைனாவின் ஐஸ் கம்பெனி மாடியில் கூடுவோம்.
உறுப்பினர் முப்பத்தேழு பேர்.
சந்தா கட்டியவர்கள் பதினொன்று.
பொருளாளன் நான்.
அந்தப் பதினொன்றில் நானும் சேர்த்தி.

கீழக்கரைக் கரையோரம் ஒரு கிட்டங்கி நிற்கிறது.
முருகைக்கல் சுவர்.
கூரை, போன புயலுக்கு முந்திய புயலில் போனது.
உள்ளே ஆடுகள், உடைந்த எஞ்சின்,
யாரோ காயப்போட்டு மறந்த வலை.
அதற்கொரு பலகை வைக்க
நகராட்சிக்கு நாலு நடை, தாலுகா ஆபீசுக்கு ஏழு.
ஜெராக்ஸ் செலவு மட்டும் நானூற்றுப் பத்து.

பலகையில் என்ன எழுதுவது என்பதில்
சங்கம் உடையப் பார்த்தது.
‘என் பூட்டனார் முத்து வைத்த இடம்’ என்றார் நைனா.
‘வளைவைப் பாருங்கள், பறங்கி வேலை’ என்றார் ரொசாரியோ வாத்தியார்.
‘உப்புக் கிட்டங்கி’ என்றார் நம்புராஜன்,
சுவரை நக்கியே காட்டினார்.
கடலோரத்தில் எந்தச் சுவர்தான் கரிக்காது
என்று பின்னாலிருந்து ஒரு குரல்.
நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறவில்லை.

கடைசியில்
‘இக்கட்டடம் கட்டப்பட்ட ஆண்டு’ என்று எழுதி
பக்கத்தில் ஒரு சாண் வெற்றிடம் விட்டோம்.
பெயிண்டர் கூலி அறுநூறு.
மறுவாரம் பார்த்தால் அந்த இடத்தில்
கரித்துண்டால் 112/7.
கிட்டங்கிச் சுவர்தான் பையன்களுக்கு ஸ்டம்பு.

கண்டனத் தீர்மானம் வாசித்துக்கொண்டிருந்தபோது
பூமயில் படியேறி வந்தாள்.
பாசி எடுத்த ஈரம் சேலையில் இன்னும் காயவில்லை.
‘வருசமெல்லாம் எனக்குத் தெரியாது.
எங்கய்யா அங்க மூட்டை தூக்குனாரு.
வாசப்படியிலேருந்து தோணிப் பலகை வரைக்கும்
நாப்பத்திரெண்டு எட்டு.
தூக்கத்துலயும் எண்ணுவாரு.’

‘மூட்டையோடு எட்டா, வெறுங்கையோடா?’
நம்புராஜன் கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்தவர்.
‘வெறுங்கையோட
யாரு அவர நடக்க விட்டா?’

மறுநாள் விடியலில் கச்சான் அடித்தது.
சங்கம் மொத்தமும் கரையில்.
(பதினொன்றில் ஒன்பது. இருவருக்குச் சர்க்கரை.)
ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை உப்பு வந்தது.
செயலாளர் ஜெரோன் முதுகு கொடுத்தார்.
வங்கியில் வேலை, பேனா தூக்கிய தோள்.
முதல் எட்டிலேயே
சிரிப்பவர்கள் சிரித்து முடித்தோம்.
நான் எண்ணினேன்.
பதினொன்று. பன்னிரண்டு.
எட்டு குறுகிக்கொண்டே வந்தது.
பத்தொன்பதில் செருப்பை அலை கொண்டுபோனது.
இருபதில் முழங்கால் தண்ணீர்.

‘ஏத்தமா இருக்கும்’ என்றார் வாத்தியார்,
ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.
‘வத்தம் சார். இனிமேத்தான் ஏறும்.’

உப்பு மூட்டை நனைந்து கனத்தது.
இறக்கவும் இடமில்லாமல்
ஜெரோன் அப்படியே நின்றார்.
எங்கள் லெட்டர்பேடின் உச்சியில்
நீல மையில் ‘ஊரின் பெருமை’ என்று இருக்கிறது.
ஆயிரம் தாள் அடித்தோம். எண்ணூறு மிச்சம்.

அன்று மாலை அவசரக் கூட்டம்.
பூமயில் நூறு ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
பன்னிரண்டாவது சந்தா.
ரசீதில் தேதி போடும்போது
என் கை கொஞ்சம் நின்றது, பிறகு போட்டேன்.

தீர்மானம் ஒன்று: 112/7 அப்படியே இருக்கட்டும்.
ஏழுக்கு ஐந்து. நைனா எதிர்த்தார்.
தீர்மானம் இரண்டு: பலகையின் கீழே இப்படி எழுதுவது.
‘வாசலிலிருந்து தோணிக்கு, மூட்டையோடு, 42 எட்டு.
இப்போது கடலுக்கு 19.’
எதிர்ப்பில்லை.

பெயிண்டர் டப்பாவைத் திறந்ததும்
பூமயில் கை நீட்டித் தடுத்தாள்.
நாற்பத்திரண்டுக்கு பெயிண்ட் சரி,
பத்தொன்பதை மட்டும் சாக்பீசில் எழுதுங்க.

சாக்பீஸ் ஒரு டப்பா, இருபத்தெட்டு ரூபாய்.
பில் இணைத்திருக்கிறேன்.