வாளிக்குள் ஒருத்தி

பக்கத்துக் கடைக்காரி கூடையிலிருந்து தப்பி
ஈரத் தரையில் ஊர்ந்துபோனதைக்
கால்விரலால் தடுத்து
நீல வாளியில் போட்டாள் பகூலி.
ஊரில் அதன் பெயர் ஃபூசா.
பளிங்கு ஓடிய முதுகு. அவளை நோக்கி
உயர்ந்த இரண்டு கொடுக்கு.
சண்டைக்காரி, என்று சிரித்தாள்.

துணையென்று எதுவும் வாளியில் இல்லை.
மழைநீர், அழுகிய கீரைத்தண்டு,
மேலே கவிழ்த்த முறம்.

நாற்பதாம் நாள் அது வாலை விரித்தது.
அடியில் கொத்துக் கொத்தாய்
கறுத்த முட்டைகள்.

"யாரடி அவன்?"
கேட்டபின்தான் தெரிந்தது
மாமியாரின் குரல்
தன் வாயிலிருந்து வந்தது.

அந்தனனரிவோவிலிருந்து
மோட்டார்சைக்கிளில் வந்த ஹைங்கு
(பல்கலைக்கழகம், ரப்பர் பூட்ஸ்)
ஒரு காலைக் கிள்ளிக் குப்பியில் இட்டுச் சொன்னாள்:
இவற்றில் ஆண் கிடையாது.
எங்கோ குளிர்நாட்டில்
கண்ணாடித் தொட்டியில் கிடந்த ஒருத்தி
ஒருநாள் யாரையும் கேட்காமல் தாயானாள்.
உங்கள் வாய்க்காலில் இருப்பது,
சந்தையில் பால்டப்பாவால் அளந்து விற்பது,
நேற்று நீங்கள் தக்காளியோடு வதக்கியது
எல்லாம் அவளேதான்.

பகூலி சற்று நேரம் பேசவில்லை.
"அப்படியானால் நான் தின்றவள்
இன்னும் சாகவில்லை."

ஹைங்கு அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

கொல்லை வாழையும் அப்படித்தானே.
கன்று கேட்டு வருபவருக்கு
தாயில் ஒரு துண்டைத்தான் வெட்டித் தருகிறாள்.
விதையில்லாப் பழத்தை
ஒருநாளும் சந்தேகித்ததில்லை.
வாடல் நோய் வந்த வருடம் மட்டும்
ஒரே உடம்பு படுத்ததுபோல்
தோப்பு முழுவதும் படுத்ததைப் பார்த்தாள்.

மாலையில் மகளுக்குப் பின்னல் போடுகிறாள்.
ரவாகாவின் இடக்காது
மடல் ஒட்டி நுனி மடங்கியது.
ஃபனீலுவின் காது.
நீலக்கல் தோண்டத் தெற்கே போய்
நான்கு அறுவடையாய்த் திரும்பாதவனின் காது.
தினமும் முடியை இழுத்து அதை மூடுகிறாள்.
தினமும் அது
எட்டிப் பார்க்கிறது.

வாளியில் இருப்பவளுக்கு இந்தத் தொல்லை இல்லை.
தாயைப் போல பிள்ளை,
ஒரு நூலும் பிசகாமல்.
முந்நூறு பிள்ளைகளில்
முகம் திருப்பிக்கொள்ள
ஒரு காது இல்லை.

பொறாமைதான். சொன்னால் என்ன.

வயலில் நெல் பூத்திருக்கிறது.
பத்துமணி வெயிலில் உமி வாய்திறக்கும்,
மஞ்சள் தூள் உதிரும்,
மதியத்துக்குள் மூடிவிடும்.
பெரும்பாலும் தன் தூளைத்
தானே வாங்கிக்கொள்ளும்.
எப்போதாவது காற்று
அடுத்த வரப்புக்காரனுடையதைக்
கொண்டுவந்து போடும்.
வெள்ளை நெல் விதைத்த பாத்தியில் ஒருமுறை
ஒற்றைக் கதிர் சிவந்து நின்றது.
களையென்று பிடுங்கப் போனாள்.
கை ஏனோ நின்றுவிட்டது.

ஃபூசா துளைத்த வரப்பு
சனவரி மழையில் உடைந்தது.
முழங்கால் சேற்றில் மண் சுமந்துகொண்டிருந்தபோது
மேட்டிலிருந்து ஒரு சீழ்க்கை.
எருமை தலைதூக்கியது. கொக்குகள் எழுந்தன.
நாக்கின் கீழ் இரண்டு விரல் மடக்கி
ரவாகா.

பகூலிக்குச் சீழ்க்கை வராது.
ஃபனீலுவுக்கும் வராது.
காதலித்த நாட்களில் அவன் முயன்றதில்
இவள் முகத்தில் எச்சில்தான் தெறித்தது.

பிறகு யாரிடமிருந்து எடுத்தாள்?
இருவரும் இல்லாத ஓரிடம்
இவள் வயிற்றுக்குள் இருந்ததா?
கூடை மண்
தலையில் கரைந்து வழிந்தது.
பகூலி துடைக்காமல் நின்றாள்.

சனிக்கிழமை சந்தை.
டப்பா ஐந்நூறு அரியாரி.
வாங்க வந்தவன் வாளியைக் கிளறினான்.
"எல்லாம் ஒரே அளவா, அம்மா?"
"எல்லாம் ஒரே ஆள்" என்றாள்.
அவனுக்குப் புரியவில்லை. இரண்டு டப்பா வாங்கினான்.

கூட்டம் குறைந்தபோது
மகள் விரல் மடக்கி ஒருமுறை ஊதினாள்.
நாலு கடை தள்ளியிருந்தவர்களும் திரும்பினார்கள்.
இன்று உச்சியில் கொண்டை.
இரண்டு காதும் வெளியே.