வெறும் வயிறு

சயான் ஸ்டேஷனுக்குக் கிழக்கே
ஜெராக்ஸ் கடைக்கும் கரும்புச்சாறு மெஷினுக்கும் பின்னால்
பன்னிரண்டு படி இறங்கினால் எங்கள் காந்தம்.
கொலுசு, ஊக்கு, மெட்டி, சில்லறை
எல்லாம் வெளியே நீல டப்பாவில் போட வேண்டும்.
ரூபாவதி தாலிக்கயிற்றில் கோர்த்திருந்த ஊக்குகளைக் கழற்றி
எண்ணி வைத்தாள். ஐந்து.
"திரும்பி வரும்போதும் அஞ்சு இருக்கணும்" என்றாள்.

எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.
நெஞ்சுக்குழிக்கு நாலு விரல் கீழே தொட்டுக் காட்டினாள்.
அந்த இடத்தில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை வைத்து
பிளாஸ்திரி ஒட்டினேன்.
எண்ணெய் அடைத்த குமிழ், படத்தில் பளிச்சென்று தெரியும்.
விழுங்காத மாத்திரைக்கு அதுதான் வேலை:
வலிக்கு விலாசம் எழுதுவது.

மெஷினுக்குள் பதிவு செய்த குரல் இந்தியில் மூச்சை நிறுத்தச் சொல்லும்.
நான் மைக்கில் தமிழில் சொன்னேன்.
அடக்கினாள். பதினெட்டு விநாடி.
பள்ளிக்கூடத்தில் கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்றார்கள்,
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.
தோல்பை தைக்கிற கூடத்தில் பத்து மணி நேரம் உட்காரும் நெஞ்சு
எத்தனை மாத்திரை தாங்கும் என்று
யாரும் சொல்லித்தரவில்லை.

திரையில் தோலின்மேல் என் குமிழ்
சின்ன வெள்ளைப் பொட்டாக மின்னியது.
அதற்கு நேர் உள்ளே
இரைப்பையில் ஓர் ஓட்டை.
கறுப்பு. எலும்பின் கறுப்பல்ல, காற்றின் கறுப்புமல்ல.
ஓரமெல்லாம் காய்ச்சிய கம்பிபோல வெளிச்சம்.
பக்கத்துக் கோடுகள் அதை நோக்கி வளைந்திருந்தன,
கணையத்தில் பாதியைக் காணோம்.
பயிற்சிக்கு வந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.
டாக்டர் பாட்கர் டீயை வைத்துவிட்டுக் குனிந்து
"லோகண்ட்" என்றார். இரும்பு.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"
"ஒண்ணுமில்ல. வெறும் வயித்தோட வரச் சொன்னீங்களே."
"மாத்திரை ஏதாவது?"
குழாய்க்குள்ளிருந்து கொஞ்ச நேரம் பதிலில்லை.
பிறகு,
"மாத்திரை சாப்பாடா?"

வெளியே வந்ததும் அதைப் பார்க்கணும் என்றாள்.
காட்டினேன். பட்டாணி அளவு மாத்திரை,
உள்ளங்கை அளவு இருட்டு.
பயப்படுவாள் என்று நினைத்தேன்.
"ஏழு மாசமா முழுங்குறேன்.
ரத்தம் ஏழரையைத் தாண்டல.
உள்ள போகுதா இல்லையான்னே சந்தேகமா இருந்துச்சு" என்றாள்,
காணாமல் போன பிள்ளையைக்
கடைத்தெருவில் பிடித்தவள்போல.

அவளிடம் சொல்லவில்லை:
முக்கால்வாசி மாத்திரைகள் எங்கள் படத்தில் தெரிவதே இல்லை.
நான் விடியற்காலையில் போடும் தைராய்டு மாத்திரை,
பாட்கர் டீக்குப் பிறகு ஒளித்துப் போடும் இரண்டு,
எதுவும் ஒரு நிழல்கூட விடாது.

இரும்பை நிறுத்திவிட்டு சனிக்கிழமை வரச் சொன்னோம்.
"அன்னிக்கும் கூலி போயிடும்" என்றாள்,
எங்களைப் பார்த்து அல்ல, நீல டப்பாவைப் பார்த்து.
ஊக்குகளை எண்ணினாள்.

சனிக்கிழமை மழை. ஹார்பர் லைன் நின்றுவிட்டது.
தண்டவாளத்தோரமாகவே நடந்து வந்திருந்தாள்.
கறுப்பு போய்விட்டிருந்தது,
கணையம் முழுசாக, அமைதியாகக் கிடந்தது.
என்ன தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை.
பிளாஸ்திரியை உரித்து
அந்தக் குமிழை விரலில் உருட்டியபடி,
"நாலு நாள் போடலையே,
இன்னிக்கு ரெண்டா போட்டுக்கவா?"