வராத பஞ்சத்தின் கணக்கு

அந்தியோகியா. சிங்கோன் தெரு.
தோல் வியாபாரி வீட்டு மாடி.
எருசலேமிலிருந்து வந்தவன் எழுந்து நின்றபோது
நான் விளக்குத் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்;
முகம் பார்க்கவில்லை, குரல்தான் கேட்டது.
பஞ்சம் வரும், என்றான். உலகம் முழுக்க.
அவ்வளவுதான். இடி இல்லை, நடுக்கம் இல்லை.
உட்கார்ந்து
பாதியில் விட்ட ஒலிவக்காயைத் தின்றான்.

வெளியே ஒரோந்தஸ் கரைபுரண்டு ஓடியது.
அந்த வருஷம் கோதுமை
மாட்டின் வயிறு மறையும் உயரம்.
படி என்ன விலை என்று
என்னைவிட அறிந்தவன் அந்த மாடியில் இல்லை.
நான் ஸோபிரோஸ், தானிய வியாபாரி மெனோபிலனின் கணக்கன்,
அவனே விடுதலை செய்த அடிமை.
நெற்றியில் அவன் வீட்டுச் சூடு,
மேலே முடியை இறக்கிவிட்டிருக்கிறேன்.

எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை.
"அங்கே எத்தனை விதவைகள்?" என்று கேட்டாள் அக்மா.
துணி வெளுப்பவள். எத்தனை முறை கழுவினாலும்
மூத்திர வாடை போகாத கைகள்.
எருசலேமை அவள் கண்டதே இல்லை.
கண்டிருந்த கறிக்கடை யோவேசர்
விரல்விட்டு எண்ணத் தொடங்கி
ஏழாவது விரலில் அழுதுவிட்டான்.

போன கோடையில் இதே யோவேசர்
அக்மா நீட்டிய கிண்ணத்தை வாங்காமல்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவன்.

வாராவாரம் என்னிடம் கொடுத்தார்கள்.
மெழுகுப் பலகையில் கீறினேன்:
அக்மா, செப்புக்காசு மூன்று.
அப்பம் சுடுகிறவன், வெள்ளி ஒன்று.
பெயர் வேண்டாம் என்ற ஒருத்தி, ஒற்றைத் தோடு;
இன்னொன்று வாடகைக்குப் போயிற்றாம்.

தெரு எங்களுக்குப் புதுப்பெயர் வைத்திருந்தது.
கிறிஸ்தவர்கள்.
சந்தைக்காரன் வாயில் அது
நொண்டிக் கழுதையைக் கூப்பிடுவதுபோல் இருந்தது.
"ஏய் கிறிஸ்தவா, உன் பஞ்சம் எதுவரை வந்திருக்கிறது?
செலூக்கியா தாண்டிவிட்டதா?"
அவன் முதுகுக்குப் பின்னால் மூட்டைகள் பிதுங்கிக்கொண்டிருந்தன.

இனி, சொல்லாமல் வைத்திருந்தது.

"உன்னைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறார்கள்?"
என்று ஒருநாள் மெனோபிலன் கேட்டான். சொன்னேன்.
அவனிடம் மறைத்துப் பழக்கமில்லை.
அவன் சிரிக்கவில்லை.
முந்நூறு மூட்டை வாங்கச் சொன்னான்.
மறுவாரம் அறுநூறு.
ஆற்றங்கரையில் இரண்டு கிடங்கு.
"உன் கடவுளை எனக்குத் தெரியாது,
ஆனால் இப்போது விலை மலிவு" என்றான்.

ஒரே சொல்தான்.
பகலில் கிடங்கு நிறைந்தது,
இரவில் பை.
இரண்டையும் எழுதியது இந்தக் கை.
பகல் கணக்கைத் தோலில் ஏற்றிவிட்டு
மெழுகைத் தேய்த்தால்
இரவுக்கும் அதே பலகை.
சில ராத்திரி
அக்மாவின் மூன்று காசுக்கு அடியில்
அறுநூறின் தழும்பு தெரியும்.

பை கட்டுகிற அன்று
மெனோபிலன் ஐந்து வெள்ளி கொடுத்தான் எனக்கு.
செய்தி சொன்னதற்காம்.
வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை,
ஆற்றில் எறியவும் மனம் வரவில்லை,
காசு காசுதானே.
பையில் போட்டேன்.
"யார் பெயருக்கு?" என்றாள் அக்மா.
நான் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
அவள் மறுபடி கேட்கவில்லை. முடிச்சை இறுக்கினாள்.
யோவேசர் அவள் கிண்ணத்தை எடுத்து
மடமடவென்று குடித்துவிட்டு
இரண்டு பேருடன் கோவேறு கழுதையை நடத்திக்கொண்டு
தெற்குச் சாலை வரை போனான்.

அன்று மாலை நல்ல மழை.

இப்போதும் கூடுகிறோம், அப்பம் பிட்கிறோம்.
பஞ்சம் வந்தால் என் எஜமான் ஜெயிப்பான்.
வராவிட்டால் தெரு ஜெயிக்கும்.
எல்லாரும் ஆமென் சொல்லும்போது
எதற்கு என்று தெரியாமல் நானும் உதட்டை அசைக்கிறேன்.

நேற்று அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த மாலுமி
கிடங்கு வாசலில் தண்ணீர் கேட்டான்.
குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு,
நைல் இந்த வருஷம் சரியில்லை, என்றான்.
அளவுக்கு மேல் ஏறிவிட்டதாம். விதைக்க நிலம் தெரியவில்லையாம்.

எழுத்தாணி கையில் இருந்தது.
பலகை காலியாக இருந்தது.