உறை எண் ஒன்பது

அழைப்பு வந்தது காலை ஆறே முக்காலுக்கு.
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்
சுங்காய் சாலையை அடைத்துக்கொண்டு போகும் நேரம்.
இன்ஸ்பெக்டர் ஹஸ்ருல் சைரன் போடவில்லை.
அவசரம் முடிந்துபோன வீட்டுக்கு
எதற்கென்று நினைத்திருப்பார்.

தோட்டத்தை விற்றபோது
லயத்துக்குப் பதிலாகக் கொடுத்த வரிசை வீடுகளில்
கடைசிக்கு முந்தையது.
கதவை உடைத்தவர் பக்கத்து வீட்டு யோகராஜா.
கையில் இன்னும் பாராங் இருந்தது.
கீழே வைக்கச் சொன்னேன்.
எங்கே வைப்பது என்று கேட்டார்.

தேவசீலன். வயது ஐம்பத்திரண்டு.
கீபோர்ட் வாசிப்பவர்;
கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா.
எப்படி என்பது அறிக்கையில் இருக்கிறது,
மலாயில், செயப்பாட்டு வினையில்.
அங்கேயே இருக்கட்டும்.

என் வேலை பொருள்களை எண்ணுவது.
தமிழில் ஏதாவது கிடைத்தால்
படித்துச் சொல்வதும் என் வேலை.
இந்த ஸ்டேஷனில் அதற்கு நான் ஒருத்திதான்.

கீபோர்ட் ஒன்று, துணியால் மூடியது.
மின்விசிறி ஒன்று, ஓடிக்கொண்டிருந்தது.
மைலோ டப்பா நிறையச் செத்த பேட்டரிகள்.
நாட்காட்டியில் சனி ஞாயிறெல்லாம் வட்டம்,
வட்டத்தின் மேல் ஒரு கோடு.
கான்ஸ்டபிள் லாவ் துணியை விலக்கி
ஏதோ பொத்தானைத் தொட்டுவிட்டான்.
மாப்பிள்ளை அழைப்புக்கு அடிக்கும் தாளம்
தானாகப் புறப்பட்டு வந்தது, பிடிக்க ஆளில்லாமல்.
பதறி அணைத்தான்.
கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அலமாரியில் பதினொரு அங்பாவ் உறைகள்,
தீபாவளிக்கு வங்கியில் கொடுக்கும் ஊதா நிறம்.
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு நிகழ்ச்சி,
வாங்கிய முன்பணம்.
திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறார்.

கணக்கை முடித்துவிட்டுப் போகிறவர்கள்
இப்படித்தான் என்றார் இன்ஸ்பெக்டர்.
இருபது வருஷம் பார்த்தவர்.

ஒன்பதாவது உறையில் என் பெயர்.

கார்ப்பரல் என்று போடவில்லை.
கோமளா அக்கா, பாப்பா பிறந்தநாள், இருநூறு.
கையுறைக்குள் விரல் வியர்த்தது.
நான் கொடுத்தது நான்கு ஐம்பது நோட்டு,
போன மாதம், பெட்ரோல் நிலையத்தில்.
மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே வாங்கி
ரசீது வேணுமா அக்கா என்று சிரித்தார்.
என்னைவிட எட்டு வயது மூத்தவர்.
யூனிபார்முக்குத்தான் அந்த அக்கா.

உறையில் மூன்று நோட்டுதான் இருந்தது.
கூடவே சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதிய சீட்டு:

மீதி ஐம்பது வெள்ளி
வெள்ளிக்கிழமை தருகிறேன்.

இன்று புதன்.

கடிதமா என்றார் இன்ஸ்பெக்டர்.
கடன் என்றேன்.
மலாயில் சொன்னேன். வெள்ளியும் வெள்ளியும்
இரண்டு வேறு சொல்லாகிப்
பக்கத்தில் பக்கத்தில் நில்லாமல் போயின.
அவர் எழுதிக்கொள்ளவில்லை.
இவரைத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

தெரியும் என்றால் நான் வெளியே நிற்க வேண்டும்.
பீடோரிலிருந்து வேறு ஆள் வரும்வரை
சீட்டு, மைலோ டப்பாவோடு ஒரே பையில் கிடக்கும்.
வருகிறவருக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ.

தெரியும் என்றேன்.

வெளியே யோகராஜா
பாராங்கை வேலியில் சாய்த்து வைத்திருந்தார்.
ராத்திரி ஒரு மணிக்கு வாசிச்சாரு மேடம்.
காலை ஷிப்டு எனக்கு. சுவரைத் தட்டினேன்.
எத்தனை தடவை?
ஒரு தடவைதான். உடனே நிறுத்திட்டாரு.
மரியாதை தெரிஞ்ச மனுஷன்.
இதையும் எழுதுவீங்களா?

என் நோட்டுப் புத்தகம் உள்ளே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம்
தொழுகைக்குப் போனவர்கள் போக
கவுண்டரில் நான் தனியாக.
வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம்.
எழுந்துவிட்டேன்,
ஏன் எழுந்தேனோ.

அடையாளக் கார்டு தொலைந்த புகார்.
இளைஞன், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
எப்போது தொலைந்தது என்று கேட்டேன்.
தெரியல மேடம்,
இன்னைக்குத்தான் தேடினேன் என்றான்.