தாழ்ப்பாள்

மாரிக்குப்பம் வண்டி
பையப்பனஹள்ளிக்கு முன்னால் மெதுவாகும்போதே
ஜன்னல் வழியே தெரிந்துவிடும்
நான் போகவேண்டிய நீலத் தார்ப்பாய்கள்.
ஒன்பது வருஷமாக ஜன்னலோரம்தான் என் இடம்.

கைப்பையில் மிஷன் கொடுத்த படிவம் நாற்பது.
பெயர், தலைக்கட்டு, வருமானம்,
அதன் கீழே தேவை.
அரிசி, பள்ளிக் கட்டணம், மருந்து,
ஏதாவது ஒன்றில் டிக் போடலாம்.
கடைசிக் கட்டத்தில்
ஜெபக்கூட்டத்துக்கு வருவாரா, மாட்டாரா.

பூங்காவனம்
ஏழாவது மாடி வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு
அப்போதுதான் வந்திருந்தாள்.
விரலிடுக்கில் இன்னும் சோப்பு.
"அரிசி ரேஷன்ல வருதுக்கா.
எனக்குக் கதவுன்னு எழுதிக்க."

படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"மூணு பக்கம் தகரம், முன்னால என் பழைய சேலை.
அதுதான் குளிக்கிற எடம்.
இவ வயசுக்கு வந்து மூணு மாசம் ஆவுது.
ரயில் போற காத்துல சேலை பறக்குது.
கதவாண்ட நிக்கிறவன், ஜன்னலாண்ட குந்தினு வர்றவன்,
எல்லாம் பாக்குறான்."

நாகவேணி எங்களைப் பார்க்காமல்
குடத்தின் நசுங்கலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.
அவள் குளிப்பது விடியற்காலை நாலு மணிக்கு,
முதல் வண்டிக்கு முன்னால்.
என் வண்டி எட்டே காலுக்குத்தான் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அருமைநாயகம் ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.
"கதவுக்குத் தலைப்பு இல்லையேம்மா.
அரிசிப் பையோடு நிற்க வைத்துப் படம் அனுப்புகிறோம்.
குளிக்கிற இடத்துக் கதவை
எப்படிப் படம் எடுத்து அனுப்ப?"
கெட்டவர் இல்லை.
ராஜகால்வாய் பொங்கிய ராத்திரி
இடுப்பளவு சாக்கடையில் நின்று
பதினோரு பிள்ளைகளைத் தோளில் கடத்தியவர்.
ஆடிட்டருக்கு மட்டும் பயப்படுவார்.

நான் ஜெபிக்கவில்லை.
கோபத்தில் எனக்கு ஜெபம் வராது.
ஸ்டோர் அறையில் துடைப்பம் தேடப் போனவள்
அதைப் பார்த்தேன்.
போன வருஷத்துக் கன்வென்ஷன் பலகை,
ஆறடிக்கு மூன்றடி, நல்ல பிளைவுட்,
தட்டினால் திறக்கும் என்கிற வசனம்
சிவப்பிலும் மஞ்சளிலும்.

"எடுத்துக்கட்டுமா ஐயா?"
ரசீதுப் புத்தகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல்
"எதை?" என்றார்.
"எனக்கு ஒன்றும் தெரியாதும்மா."

ஆட்டோவுக்குள் நுழையவில்லை பலகை.
தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம்,
பூங்காவனம் முன்னால், நான் பின்னால்,
வசனம் வானத்தைப் பார்த்துக்கொண்டு.
எந்தக் கட்சிக்கு என்று கேட்டான் டீக்கடைக்காரன்.

கீல் அடிக்க பாபாஜான் வந்தான்,
வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன்.
கூலி வேண்டாம், சாமானுக்குக் காசு போதும் என்றான்.
"எழுத்து உள்ளயா, வெளியவா?"
பூங்காவனத்துக்குப் படிக்கத் தெரியாது.
நான் படித்துச் சொன்னேன்.

சிரித்தாள் பாருங்கள்,
எங்கள் கூட்டம் எதிலும் கேட்டிராத சிரிப்பு.
"ஐயோ அக்கா,
எவன் தட்டினாலும் திறக்கக் கூடாதுன்னுதானே
கதவே கேட்டேன்!"
பாபாஜான் ஆணியைப் பல்லில் கடித்தபடி
வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்க.

முடிவு சொன்னது நாகவேணி.
அன்றைக்கு அவள் வாய் திறந்தது அப்போதுதான்.
"உள்பக்கம் இருக்கட்டும்.
தாழ்ப்பாள் பெரிசாப் போடுங்க."

தாழ்ப்பாள் நூற்றி முப்பது ரூபாய்.
சீசன் டிக்கெட்டுக்கு வைத்திருந்ததில் எடுத்தேன்.
ஐயாவிடம் முப்பத்தொன்பது படிவம் கொடுத்தேன்.
அவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை,
வண்டி வழக்கமான இடத்தில் மெதுவாகிறது.
நீலங்களுக்கு நடுவே
பழுப்பாக ஒரு செவ்வகம்.
பெட்டியில் எல்லோரையும் போல
நானும் எட்டிப் பார்த்தேன்.

ஒன்றுமே தெரியவில்லை,
ஸ்தோத்திரம்.